முன்பக்கம் விற்பவருக்கு, பின்பக்கம் வாங்குபவருக்கு: மறுமலர்ச்சிக் காலக் கைவண்ண இயற்கைப் படங்களைச் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவில் 1530க்கும் 1613க்கும் இடையே அச்சான செடி, பறவை, மீன், விலங்குப் படங்கள் இன்றும் விலைக்கு வருகின்றன. முழுப் புத்தகம் என்றால் அது பெரிய நூலகங்களும் பெரும் பணக்காரர்களும் போட்டியிடும் இடம். ஆனால் சிதைந்துபோன பிரதிகளிலிருந்து பிரிந்த தனி ஏடுகள் உண்டு. அவற்றில் சில, ஒரு நல்ல கைபேசியின் விலைக்குள்ளேயே கிடைக்கும். சிக்கல் விலையில் இல்லை, வண்ணத்தில் இருக்கிறது. ஏடு நிஜமாகவே 450 ஆண்டு பழையதாக இருக்கும். மேலே உள்ள வண்ணம் போன தலைமுறையில் யாரோ பூசியதாக இருக்கும். இரண்டுக்கும் இடையே விலை பல மடங்கு வேறுபடும். எப்போது பூசிய வண்ணம் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தச் சேகரிப்பில் பாதி வேலை. அதற்கு முதலில் பார்க்க வேண்டியது ஏட்டின் பின்பக்கம்.

படி 1: எந்தப் புத்தகத்தின் ஏடு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

‘பழைய இயற்கைப் படம்’ என்று பொதுவாகத் தேடினால் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்கள்தான் குவியும். தேட வேண்டிய பெயர்கள் கொஞ்சம்தான்.

செடிகளில் முதல் பெயர் ஓட்டோ புருன்ஃபெல்ஸ். 1530இல் ஸ்ட்ராஸ்பூர்கில் அவருடைய மூலிகை நூல் வெளிவரத் தொடங்கியது. படம் வரைந்தவர் ஹான்ஸ் வைடிட்ஸ். கிழிந்த இலை, வாடிய பூ எதையும் மறைக்காமல் கண்ணால் கண்டபடியே வரைந்தார். அடுத்து லியோன்ஹார்ட் ஃபூக்ஸ், 1542, பாசல் நகரம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட முழுப்பக்கச் செடிகள். வரைந்தவர்கள், மரத்தில் செதுக்கியவர் என மூன்று கலைஞர்களின் உருவப்படத்தையும் புத்தகத்திலேயே போட்டார். அந்தக் காலத்துக்கு இது அபூர்வம். மூன்றாவது, இத்தாலியரான மத்தியோலி. 1554இல் வெனிஸில் சிறிய படங்களோடு வந்த நூல், 1562இல் பிராகாவில் பெரிய படங்களோடு வந்தது.

விலங்குகளில் சூரிச் மருத்துவர் கொன்ராட் கெஸ்னரை விட்டு நகரவே முடியாது. 1551 முதல் 1558 வரை நான்கு பெரும் தொகுதிகள். ஐந்தாவது அவர் இறந்த பின் 1587இல் வந்தது. முதல் தொகுதியில் உள்ள காண்டாமிருகம், ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515இல் செய்த படத்தின் நகல். அந்த விலங்கு குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்தது. கோவாவிலிருந்து கப்பலேறி லிஸ்பனில் இறங்கியது. டியூரர் அதை நேரில் பார்க்கவேயில்லை. பிறர் அனுப்பிய ஓவியக் குறிப்பை வைத்தே வரைந்தார். முதுகில் இல்லாத கொம்பு ஒன்று முளைத்தது அப்படித்தான். ஐரோப்பா இருநூறு ஆண்டுக்கும் மேலாக அதையே நம்பியது.

இதுவரை சொன்ன எல்லாமே மரச்செதுக்குகள், அதாவது மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. செப்புத்தகட்டுச் செதுக்குதான் வேண்டும் என்றால் வட்டம் சுருங்கும். ரோமில் 1554 முதல் 1558 வரை அச்சான சால்வியானியின் மீன்கள், ஆண்ட்வெர்ப்பின் அட்ரியான் கொல்லார்ட் செதுக்கிய பறவை, மீன், விலங்கு வரிசைகள், யாக்கோப் ஹோஃப்நாகல் தன் தந்தையின் ஓவியங்களிலிருந்து செதுக்கி 1592இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளியிட்ட 48 தகடுகள். ஹோஃப்நாகலின் ஒவ்வொரு தகட்டிலும் பூவும் பூச்சியும் பழமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கடைசியாக, இந்த உலகின் பேரரசன்: ஜெர்மனியின் ஐஷ்டெட் நகரத் தோட்டத்தைப் பற்றிய பெஸ்லரின் நூல், 1613. 367 தகடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள், பருவ வாரியாக.

என் கணிப்பில் முதலில் கெஸ்னரின் ஒரு சிறு பறவையோ மீனோ வாங்குவதுதான் நல்லது. பெஸ்லரில் தொடங்குபவர் பெரும்பாலும் சுவருக்கு அலங்காரம் தேடுபவர்.

படி 2: மரமா செம்பா என்று பிரித்தறியப் பழகுங்கள்

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிறார்களே, அதுவே போதும்.

மரச்செதுக்கில் கோடுகள் மேடாக நிற்கும். சுற்றியுள்ள மரத்தைத்தான் வெட்டி எடுப்பார்கள். மை தடவி அழுத்தும்போது கோடு காகிதத்துக்குள் புதையும். பின்பக்கத்தை விரலால் தடவினால் அந்தப் புடைப்பு தெரியும். எழுத்தும் படமும் ஒரே அழுத்தத்தில் அச்சாகும் என்பதால் பக்கத்தில் இரண்டும் கலந்தே இருக்கும். செப்புத்தகட்டில் நேர்மாறு: கோடு பள்ளம், மை அதற்குள் இருக்கும். ஈரக் காகிதத்தை உருளையில் விட்டு அழுத்தும்போது காகிதம் அந்தப் பள்ளத்தில் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். ஆகவே கோடு காகிதத்தின் மேல் லேசாக எழும்பி நிற்கும். அதன் முனை ஊசியாய்க் கூரும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த செவ்வகத் தழும்பு இருக்கும். தழும்பே இல்லையென்றால் யாரோ ஓரத்தை வெட்டிவிட்டார்கள், அல்லது அது நகல்.

லென்ஸில் கோடுகளுக்குப் பதில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது இருபதாம் நூற்றாண்டு ஆஃப்செட் அச்சு. அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

விற்பவர்கள் மரச்செதுக்கையும் ‘என்கிரேவிங்’ என்றே எழுதுவார்கள். பலர் ஏமாற்ற நினைத்து அல்ல, பழக்கத்தில் எழுதுகிறார்கள். ஆனால் ஃபூக்ஸ் ஏட்டைச் செப்புத்தகட்டு அச்சு என்று அடித்துச் சொல்பவரிடம் வண்ணத்தைப் பற்றிய கருத்தைக் கேட்டுப் பயனில்லை.

படி 3: காசு செலவழிக்கும் முன் கண்ணைப் பழக்குங்கள்

பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இந்த நூல்களில் பல பக்கம் பக்கமாக இலவசமாகக் கிடைக்கும். ஒரே நூலின் வண்ணமிட்ட பிரதி, வண்ணமிடாத பிரதி இரண்டையும் தேடிப்பிடித்து அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே செடிக்கு வெவ்வேறு பிரதிகளில் வெவ்வேறு கை. ஒருவர் இலைக்கு இரண்டு பச்சை போட்டிருப்பார், இன்னொருவர் ஒரே பச்சையில் முடித்திருப்பார். இரண்டு மாதம் பார்த்தால் கண்ணுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

படி 4: வண்ணத்தின் வயதைக் கணியுங்கள்

முதலில் அந்தக் காலத்தில் வண்ணம் எப்படிப் போட்டார்கள் என்று தெரிய வேண்டும். அச்சகம் புத்தகத்தை வண்ணமிடாமல் வெள்ளையாகவே விற்றது. அதிக விலைக்கு வண்ணமிட்ட பிரதியும் கொடுத்தது. சில நேரம் வாங்கியவரே ஆள் வைத்துப் பூசிக்கொண்டார். அதற்கென்று தொழில்முறைக் கலைஞர்கள் இருந்தார்கள், பெண்களும் உண்டு. ஆண்ட்வெர்ப்பின் புகழ்பெற்ற பிளாந்தின் அச்சகத்துக்கு வண்ணம் தீட்டியவர்களில் மின்கன் லீஃப்ரிங்க் என்ற பெண்ணின் பெயர் கணக்கேடுகளில் நிற்கிறது. பெஸ்லர் நூலின் வெள்ளைப் பிரதி 35 ஃபுளோரின் (அக்கால நாணயம்), வண்ணப் பிரதி 500 ஃபுளோரின் என்று விற்றதாகச் சொல்வார்கள். வண்ணத்தின் மதிப்பு அன்றே அப்படி.

ஃபூக்ஸ் தன் கலைஞர்களை நிழல்கோடு போட விடவில்லை. வெறும் வெளிக்கோடு மட்டும். அதனால் அவருடைய செடிகள் வண்ணத்தை ஏற்கத் தயாராகவே நிற்கும். மத்தியோலியின் பெரிய படங்கள் அப்படியல்ல. நிழல்கோடுகள் அடர்ந்து பக்கம் முழுக்க நிரம்பியிருக்கும். அவற்றின் மேல் வண்ணம் பூசினால் செதுக்கியவரின் உழைப்பு மறைந்துபோகும். மத்தியோலியை வெள்ளையாகவே வாங்குங்கள் என்பேன்.

இனி வண்ணப்பொருட்கள். பெரும்பாலானவை நம் நாட்டு மருந்துக்கடைக்கும் பழக்கப்பட்ட சரக்குதான். சிவப்புக்கு ஜாதிலிங்கமும் ஈயச் செந்தூரமும், மஞ்சளுக்குக் குங்குமப்பூவும் அரிதாரமும், நீலத்துக்கு அவுரியும் அசுரைட் என்ற செம்புக் கனிமமும், வெள்ளைக்கு ஈய வெள்ளை. இவற்றை வேலம்பிசின் நீரில் குழைத்தார்கள். பச்சைக்கு, செம்புத் தகட்டைக் காடி ஆவியில் வைத்துச் சுரண்டி எடுத்த களிம்பு.

அந்தக் களிம்புப் பச்சைதான் நமக்குப் பெரிய சாட்சி. அதில் உள்ள செம்பு நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல மெல்லக் காகிதத்தை அரிக்கும். ஏட்டைத் திருப்பினால் இலை இருந்த இடத்தில் அதே வடிவில் பழுப்புக் கறை தெரியும். சில ஏடுகளில் காகிதம் அங்கே உடைந்தே போயிருக்கும். நேற்றுப் பூசிய பச்சை இப்படிச் செய்யாது.

ஃபூக்ஸின் மிளகாய் ஏட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலிருந்து வந்த செடியைக் கோழிக்கோட்டு மிளகு என்று நினைத்துப் பெயரிட்டார் மனிதர். நல்ல பழைய வண்ணப் பிரதியில் காயின் சிவப்புக்கு அடியில் மரச்செதுக்கின் கோடு தெளிவாகத் தெரியும். ஈயச் செந்தூரம் போட்டிருந்தால் சில இடம் கறுத்திருக்கலாம். காற்றில் உள்ள கந்தகம் ஈயத்தைக் கறுப்பாக்கும். பின்பக்கத்தில் இலைகளின் நிழலுரு பழுப்பாக எழும். எதிர்ப்பக்கத்து ஏட்டின் பச்சை இதன் மேல் ஒற்றி விட்டுப்போன மங்கலான தடமும் தெரிந்தால் இன்னும் நல்லது. புத்தகம் மூடிய நிலையில் நூறாண்டுகள் இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்திருக்கின்றன. இதைப் போலியாக உண்டாக்குவது மிகக் கடினம்.

பிற்காலப் பூச்சைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் வேறு. லென்ஸை எடுத்துக்கொண்டு பூச்சி துளைத்த ஓட்டைக்குப் போங்கள். வண்ணம் ஓட்டையின் உள்விளிம்பில் இறங்கியிருந்தால், பூச்சி அரித்த பிறகுதான் பூசியிருக்கிறார்கள். கிழிசலை ஒட்டுப்போட்ட இடத்தின் மேல் வண்ணம் தொடர்ச்சியாக ஓடினாலும் அதே கதை. பழைய காகிதத்தின் மேல்பூச்சுப் பசை நாளடைவில் வலுவிழந்துவிடும். அதன் மேல் புதிதாக நீர்வண்ணம் தடவினால் கோட்டைத் தாண்டிக் கசியும், பின்பக்கம் திட்டுத்திட்டாக ஊறும். இந்த ஊறலுக்கும் களிம்பின் கறைக்கும் வித்தியாசம் உண்டு: ஊறல் பூசிய நிறத்திலேயே இருக்கும், களிம்புக் கறை பழுப்பாக இருக்கும்.

நீலத்தையும் வெள்ளையையும் சந்தேகத்தோடு பாருங்கள். பிரஷ்யன் நீலம் 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்தது. கோபால்ட் நீலம் 1802க்குப் பிந்தியது. துத்தநாக வெள்ளை நீர்வண்ணமாகக் கடைக்கு வந்தது 1834இல். வெறும் கண்ணால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் புறஊதா டார்ச் அடித்தால் துத்தநாக வெள்ளை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். அதே டார்ச்சில் காகிதமே நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிக் காகிதம். பெஸ்லர் போன்ற விலையுயர்ந்த ஏடு என்றால் ஆய்வகத்தில் எக்ஸ்ரே ஒளிர்வுச் சோதனை செய்யச் சொல்லலாம். ஒரு சிறு கெஸ்னர் மீனுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஏலப் பட்டியலில் ‘கான்டெம்பொரரி கலர்’ என்றிருந்தால் அச்சான காலத்திலேயே பூசியது என்று பொருள். ‘ஓல்ட் கலர்’, ஜெர்மன் பட்டியலில் ‘ஆல்ட்கோலோரியர்ட்’ என்பது வழுக்கலான சொல், 1800உம் பழசுதானே. ஒன்றுமே சொல்லாமல் ‘ஹாண்ட் கலர்டு’ என்று மட்டும் இருந்தால் புது வண்ணம் என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

படி 5: காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்

கந்தல் துணியிலிருந்து செய்த கையால் வார்த்த காகிதம் அது. வெளிச்சத்தில் பிடித்தால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் கம்பிக்கோடுகளும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்க்குறியும் தெரியும். கோடே இல்லாமல் வழவழவென்று சீராக இருந்தால் அது 1750களுக்கு முன் வர வாய்ப்பில்லை. அப்படிப்பட்ட காகிதம் புத்தக அச்சுக்கு வந்தது 1757இல்தான்.

படி 6: எந்தப் பதிப்பு?

மரக்கட்டைகள் விலையுயர்ந்த சொத்து. ஒரே கட்டையைத் தலைமுறை தாண்டியும் பயன்படுத்துவார்கள். கெஸ்னரின் லத்தீன் நூலின் கட்டைகளே 1557இல் ஜெர்மன் பறவை நூலுக்கும் 1563இல் ஜெர்மன் விலங்கு நூலுக்கும் போயின. இங்கேயும் பின்பக்கம்தான் உதவும்: அங்கே உள்ள எழுத்து லத்தீனா ஜெர்மனா, பக்க எண் என்ன என்று பார்த்து, இணையத்தில் அதே பக்கத்தைத் தேடி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கால் மணி நேர வேலை. 1607இல் லண்டனில் வந்த டாப்செல் நூலில் கெஸ்னரின் படங்களை நகலெடுத்துப் போட்டார்கள். அதையும் கெஸ்னர் என்று விற்பவர்கள் உண்டு. மத்தியோலியின் பெரிய கட்டைகளில் பலவற்றைப் பிரெஞ்சுத் தாவரவியலர் துஹாமெல் துய் மோன்சோ வாங்கி 1755இல் தன் மரங்கள் பற்றிய நூலில் அச்சிட்டார். படம் உண்மையான கட்டையிலிருந்து வந்ததுதான், வயதுதான் இருநூறாண்டு குறைவு.

பெஸ்லர் 1613, 1640, 1713 என மூன்று முறை அதே தகடுகளிலிருந்து வந்தது. விலையில் முதல் பதிப்புக்கே முதலிடம். உருக்கிவிட்டார்கள் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட தகடுகளில் பெரும்பகுதி பின்னர் வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் கிடைத்தது.

படி 7: யாரிடம் வாங்குவது, என்ன கேட்பது

சர்வதேசப் பழம்புத்தக வணிகர் கூட்டமைப்பில் உள்ள கடைகள், ஜெர்மனி, லண்டன் ஏல நிறுவனங்கள் ஆகியவை முதல் தேர்வு. கூட்டமைப்பு உறுப்பினரிடம் வாங்கியது சொன்னபடி இல்லையென்றால் முறையிட ஓர் இடம் இருக்கிறது. பொது ஏலத் தளங்களில் அது இல்லை.

எழுதிக் கேட்க வேண்டியவை: பின்பக்கத்தின் முழுப் படம், பின்னாலிருந்து வெளிச்சம் வைத்து ஒரு படம், பக்கவாட்டில் விளக்கு வைத்து ஒரு படம், ஓட்டை, கிழிசல் நெருக்கப் படங்கள், எந்தப் பதிப்பு, வண்ணம் எக்காலத்தது என்று ரசீதில் எழுதித் தருவாரா என்ற கேள்வி. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலின் தொனியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். சட்டம் போட்ட ஏடு என்றால் சட்டத்திலிருந்து எடுத்துத்தான் படம் அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். அட்டையில் முழுக்க ஒட்டிய ஏடு வேண்டவே வேண்டாம். பார்க்க வேண்டிய பக்கமே அதில் இருக்காது.

நூலக முத்திரையோ, முத்திரையைச் சுரண்டிய தடமோ இருந்தால் நின்று விசாரியுங்கள். 2012இல் நேப்பிள்ஸின் ஜிரோலாமினி நூலகத்தில் அதன் இயக்குநரே ஆயிரக்கணக்கான நூல்களைக் கடத்தியது வெளியானது. திருட்டு ஏடு உங்கள் கையில் இருந்தால், பணம் கொடுத்து வாங்கியது என்பது பல நாடுகளில் பாதுகாப்பாகாது. மேற்சொன்ன கூட்டமைப்பு காணாமல் போன புத்தகங்களின் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுப் புத்தகத்தைப் பிரித்து ஏடு ஏடாக விற்றால் லாபம் அதிகம். அதனாலேயே நல்ல பிரதிகள் பல அழிந்தன. ஒரே நூலின் நூறு ஏடுகள் ஒரே கடையில் ஒரே நேரத்தில் வந்தால் அங்கே என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் நான் வாங்குவதில்லை.

படி 8: பணம், சுங்கம், சட்டம்

ஏலத்தில் சுத்தியல் விலைக்கு, அதாவது கடைசியாகக் கேட்ட விலைக்கு, மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு. பெரிய நிறுவனங்களில் அது இருபது சதவீதத்துக்கு மேல். அப்புறம் அனுப்பும் செலவு, காப்பீடு, இந்தியாவில் இறக்குமதி வரி. ஏலம் கேட்கும் முன் மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள். சுங்கத்தில் அசல் செதுக்கு அச்சுகளுக்குத் தலைப்பு 9702, நூறாண்டு கடந்த பழம்பொருளுக்கு 9706. பொட்டலத்தின் மேல் எந்த எண்ணைப் போடப் போகிறார் என்று விற்பவரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் அச்சுப்படம் ஐம்பது ஆண்டு கடந்து 15,000 யூரோவுக்கு மேல் மதிப்பிருந்தால் ஏற்றுமதி உரிமம் தேவை. சாதாரண ஏடுகள் அந்த எல்லைக்குள் வராது, நல்ல பெஸ்லர் வரலாம். இத்தாலியின் விதிகள் இன்னும் கெடுபிடியானவை.

இந்தியாவுக்குள் வந்த பிறகு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை மறக்காதீர்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய அது தடை விதிக்கிறது. பின்னாளில் லண்டனில் விற்கலாம் என்ற திட்டம் இருந்தால், வாங்கும் முன்பே தொல்லியல் துறையிடம் கேளுங்கள்.

படி 9: நம் வெயிலிலும் ஈரத்திலும் காப்பாற்றுவது

முதல் விதி: லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். செலோடேப் கூடாது. கறை போக்குகிறேன், வெளுக்கிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். களிம்புப் பச்சை உள்ள ஏட்டில் தண்ணீர் பட்டால் செம்பு பரவி நல்ல இடத்தையும் கெடுக்கும்.

அமிலமில்லாத அட்டையில் ஜன்னல் வெட்டி, ஜப்பானியத் தாள் கீலும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிட வேண்டும். வண்ண ஏட்டைப் பிளாஸ்டிக் உறையில் போடுவதைத் தவிருங்கள். நிலைமின்சாரம் பொடிப்பொடியான பழைய வண்ணத்தைப் பிய்த்தெடுக்கும். காற்றின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. சென்னை போன்ற கடலோர ஊரில் அது தானாக வராது, மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரமானியும் வேண்டும். வெளிச்சுவரில், குறிப்பாகக் குளியலறையை ஒட்டிய சுவரில் மாட்டாதீர்கள். மாட்டினால் புறஊதா தடுக்கும் கண்ணாடி, 50 லக்ஸுக்குள் வெளிச்சம், சில மாதத்துக்கு ஒருமுறை பெட்டிக்குள் ஓய்வு. ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையை ஏட்டோடு போடுவது நம் வீட்டுப் பழக்கம். அது வேண்டாம், பெட்டியைச் சுத்தமாக வைத்து மாதம் ஒருமுறை திறந்து பார்த்தாலே போதும்.

படி 10: பதிவு

ஒவ்வொரு ஏட்டுக்கும் ஒரு தாள்: நூல், பதிப்பு, பக்க எண், அளவு, வண்ணத்தைப் பற்றிய உங்கள் கணிப்பு, அதற்கான காரணம், ரசீது, முன்பக்க பின்பக்கப் படங்கள். முன்பு யாரிடம் இருந்தது என்று தெரிந்தால் அதுவும். கணிப்பு பின்னாளில் மாறினால் பழையதை அடிக்காமல் கீழே தேதி போட்டுப் புதியதை எழுதுங்கள். ஏட்டின் மேல் பேனா படவே கூடாது. எண் போட வேண்டுமென்றால் உறையின் மேல் மென்மையான பென்சிலில் போடுங்கள்.